வால்வு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் சீரற்ற இதயத் துடிப்பு: வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. பல ஆண்டுகள் மாத்திரையோடு காலம் தள்ளிய பிறகு, அண்மையில் நெஞ்சைத் திறந்து அந்த வால்வை அகற்றி மெக்கானிக்கல் வால்வு எனப்படும் செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். மாடிப்படி ஏறினால் வந்த மூச்சிரைப்பு இப்போது இல்லை. இரவில் தட்டையாகப் படுத்து உறங்கவும் முடிகிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது தொடங்கிய சீரற்ற துடிப்பு, வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ புரள்வது போலவும், சில துடிப்புகள் விடுபட்டுப் பிறகு ஒன்று ஓங்கி அடிப்பது போலவும் இருக்கிறது. இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது, என்று எழுதியிருக்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், துடிப்பைச் சீராக்க அமியோடரோன், உடலில் தேங்கும் நீரை வெளியேற்ற லாசிக்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர் "பயப்பட வேண்டாம், சரியாகிவிடும்" என்கிறார். அவர் சொல்வதை நான் ஐயப்படவில்லை. ஆனால் அடுத்த சந்திப்பு வரைக்கும் நாள்தோறும் இந்தத் துடிப்போடு வாழ வேண்டியவன் நான். எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஓட வேண்டும், இது எப்போது அடங்கும் என்பதை இதே வழியில் நடந்து வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

ஐயா, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாமல், அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு உதவியாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில், இது அரிதான சிக்கல் அன்று. இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தத் துடிப்புக் கோளாறு வருகிறது. வால்வு அறுவைச் சிகிச்சையில் இந்த அளவு இன்னும் கூடுதல். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். இதயத்தின் மேலறைச் சுவரைக் கீறித் தைத்திருக்கிறார்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழன்றிருக்கிறது. உடலில் நீர் கூடியும் குறைந்தும் அலைகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்குகின்றன. வலியும் அதிர்ச்சியும் அட்ரினலினை ஏற்றிவிடுகின்றன. இத்தனையும் ஒரே வாரத்தில் நடக்கும்போது மேலறைகள் ஒழுங்கான மின் தூண்டலை இழந்து நடுங்கத் தொடங்குவது வியப்பன்று. புண் ஆற ஆற, பெரும்பாலோருக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் துடிப்பு தானாகவே சீராகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க, கனடிய ஆய்வில், இவ்வாறு பாதிக்கப்பட்ட 500க்கும் மேற்பட்டோரில் ஒரு பாதியினருக்குத் துடிப்பின் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். மறு பாதியினருக்கு அமியோடரோன் கொடுத்து, தேவையானபோது மின் அதிர்வும் அளித்து, துடிப்பையே சீராக்க முயன்றார்கள். 60 நாள் முடிவில் இரு பிரிவிலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தக் கோளாறின்றி இருந்தார்கள்.

ஆனால் உங்கள் நிலையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு, இடது மேலறையைப் பல ஆண்டுகளாக அழுத்தி விரித்திருக்கும். வால்வை மாற்றினாலும் விரிந்த சுவரும் அதில் படிந்த தழும்பும் ஒரே நாளில் மாறுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இந்தத் துடிப்பு இருந்ததா, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் அறிக்கையில் இடது மேலறையின் அளவு என்ன என்று பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால், சீரான துடிப்பு திரும்பினாலும் நிலைப்பது கடினம். அப்படியானால் எட்டு வாரத்தில் அடங்கவில்லையே என்று நீங்கள் மனம் உடைய வேண்டியதில்லை. சிகிச்சையின் இலக்கு வேறாகும், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்னொன்றையும் தேடுங்கள். இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை உண்டு. மேலறை நடுங்கும்போது ரத்தக்கட்டி பெரும்பாலும் உருவாவது அங்கேதான். சில அறுவைச் சிகிச்சையாளர்கள் நெஞ்சைத் திறந்திருக்கும்போதே அந்தப் பையையும் அடைத்துவிடுவார்கள். 2021இல் வெளியான லாவோஸ் 3 என்னும் பெரிய ஆய்வு, ஏற்கெனவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு அவ்வாறு அடைப்பதால் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. உங்களுக்குச் செய்திருந்தாலும் அசிட்ரோம் மாத்திரையை நிறுத்த முடியாது. ஆயினும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

மாம்பலத்தார் எழுதியது:

செவிலி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சீரற்ற துடிப்பு எல்லாம் ஒரே நோய் அன்று. எனக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் செல்லும் வாயிலிலுள்ள அயோர்ட்டிக் வால்வை மாற்றினார்கள். நெஞ்சில் அடிக்கடி "திக்" என்று ஓர் அடி விழும். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். நானும் இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் என்று நம்பி அஞ்சிக்கொண்டிருந்தேன். 24 மணி நேரமும் இ.சி.ஜி. பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்தபோது, அவை எக்டோபிக் எனப்படும் முந்திவரும் துடிப்புகள் என்று தெரிந்தது. லாசிக்ஸ் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருந்ததும் ரத்தப் பரிசோதனையில் வெளிப்பட்டது. அதைச் சரிசெய்ததும் பெருமளவு குறைந்துவிட்டது.

என்னோடு அதே வார்டில் இருந்த ஒரு பெரியவருக்கு நேர்மாறான சிக்கல். துடிப்பு மிகவும் மெதுவாகி, பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தது. இதயத்தின் மின்பாதை அயோர்ட்டிக் வால்வுக்குச் சற்றுக் கீழே ஓடுவதால், அங்கே தைக்கும்போது ஏற்படும் வீக்கமோ காயமோ அதைத் தடுத்துவிடுவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே உடல் உணர்வதை மட்டும் வைத்து நாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. படபடப்பு வரும் நேரத்தில் எடுத்த ஓர் இ.சி.ஜி. பல மாத அச்சத்தைத் தீர்த்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. எக்கோ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இடது மேலறை 4.8 செ.மீ. என்று இருக்கிறது. பையைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை, கேட்டறிகிறேன்.

என் மகன் இ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கித் தந்திருக்கிறான். சற்று ஓய்வு கிடைத்தாலும் கண் அதற்கே போகிறது. 88 என்று காட்டினால் ஆறுதல். 104 என்று காட்டினால் கை சில்லிட்டுப் போகிறது. அந்த அச்சத்தாலேயே துடிப்பு இன்னும் ஏறுகிறதோ என்றும் தோன்றுகிறது. இதைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லதா?

மாம்பலத்தார் எழுதியது:

நல்லது என்பதே என் கருத்து. படபடப்பு வந்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய், இ.சி.ஜி. எடுப்பதற்குள் துடிப்பு சீராகிவிடும்; "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்திலேயே பதிவு செய்து மருத்துவரிடம் காட்ட இன்று ஒரு வழி இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

நொய்யல் எழுதியது:

நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நோயாளி என் கணவர். அவரும் இப்படித்தான் எண்ணைப் பார்த்துப் பார்த்து, இரவில் விழித்தெழுந்து, விளக்கைப் போட்டு, மீண்டும் பார்த்து, விடியும் வரை உறங்காமல் இருந்தார். உறக்கம் கெட்டதால் மறுநாள் படபடப்பு இன்னும் கூடியது. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் வருவது மிகவும் இயல்பு என்பதை எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருத்துவமனையில் தையலைப் பற்றிச் சொன்னார்கள், உப்பைப் பற்றிச் சொன்னார்கள், இதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் அத்தனை இரவுகள் தனித்தனியாக அழுதிருக்க மாட்டோம். பிறகு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவரிடம் அசிட்ரோம் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளில் சில ரத்தக்கசிவைக் கூட்டும்.

இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதால் துடிப்பும் வால்வின் "டிக் டிக்" ஓசையும் ஓங்கிக் கேட்கும். வலப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னதும், அறையில் மின்விசிறியைச் சற்றுக் கூடுதலாக ஓடவிட்டதும் அவருக்கு உதவின. எளிய செயல்கள்தாம், ஆனால் அந்த நேரத்தில் யாராவது சொன்னால்தான் தோன்றும்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

நொய்யல் அம்மா எழுதியதை உறவினர் எல்லோரும் படிக்க வேண்டும். கடிகாரம் குறித்து என் கருத்து இது: கருவி படபடப்பைப் பதிவு செய்வதற்கு; நாள் முழுதும் காவல் காப்பதற்கு அன்று. காலையில் எழுந்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு ஒரு முறை, மாலையில் ஒரு முறை என வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான துடிப்புக்குச் சரி; சீரற்ற துடிப்பில் அது தவறான கணக்கைத் தரும். வலுக்குறைந்த துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராததால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் குறைத்துக் காட்டலாம். வீட்டு ரத்த அழுத்தக் கருவியும் அப்படியே. மூன்று முறை எடுத்துச் சராசரியை எழுதுங்கள். இவை தவிர, படபடப்போ தலைச்சுற்றலோ வந்தால் கடிகாரத்தில் ஒரு பதிவு எடுத்து, நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறித்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்.

ஓய்வில் 104 என்பது ஆபத்தான எண் அன்று. நிலையான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ரேஸ் 2 ஆய்வில், ஓய்வு நிலைத் துடிப்பை 80க்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களைவிட 110க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்கள் மோசமாகிவிடவில்லை. உங்களுக்கு எந்த எல்லை என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

உடனே 108ஐ அழைக்க வேண்டியவை எவை என்றும் கேட்டிருந்தீர்கள். மயக்கம் போட்டு விழுதல், முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, தட்டையாகப் படுக்க முடியாதபடி மூச்சிரைத்தல், ஓய்விலும் துடிப்பு 120க்கு மேலேயே நின்று இறங்காமல் இருத்தல், 50க்குக் கீழே போய்த் தலைசுற்றுதல். இவற்றோடு, நாள்தோறும் தெளிவாகக் கேட்கும் வால்வின் ஓசை திடீரென மங்கி, மூச்சும் வாங்கினால் வால்வில் ரத்தக்கட்டி படிந்திருக்கலாம். அதற்கு மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் போக வேண்டும். இருமினாலோ மூச்சை இழுத்தாலோ குத்தும் நெஞ்சுவலியோடு காய்ச்சலும் வந்தால், இதய உறை அழற்சியாக இருக்கலாம். காய்ச்சல் எதுவானாலும் வால்வுத் தொற்றா என்று பார்க்க, நீங்களாக ஆன்டிபயாட்டிக் எடுப்பதற்கு முன் ரத்தக் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும்.

மதுரை மருந்தாளுநர் எழுதியது:

உங்கள் மாத்திரைப் பட்டியலில் அமியோடரோனும் அசிட்ரோமும் ஒன்றாக இருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அமியோடரோன், அசிட்ரோம் உடலில் சிதைவதைத் தடுக்கிறது, அதனால் ஐ.என்.ஆர். ஏறும்; அதாவது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண் கூடும். இது ஓரிரு நாளில் நடந்து முடிவதில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அமியோடரோனை நிறுத்திய பிறகும் அது உடலின் கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் வெளியேறுவதால், ஐ.என்.ஆர். அதே போல மெல்ல இறங்கும். ஆகவே தொடங்கும்போதும், அளவை மாற்றும்போதும், நிறுத்தும்போதும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்று நினைத்து, அமியோடரோனை ஒரு மருத்துவரும் அசிட்ரோமை இன்னொருவரும் பார்க்கும் இடங்களில் இது நடுவே விழுந்துவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன். மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

அமியோடரோன் தைராய்டு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியது. தொடங்கும் முன்னும், தொடர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள் தேவை. வறட்டு இருமல் நீடித்தால் சொல்லுங்கள். வெயிலில் தோல் எளிதில் கருகும். நம் ஊர் வெயிலுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

தையல் வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவது மிகவும் ஆபத்து. மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் ஐ.என்.ஆரை வெகுவாக ஏற்றும். கீரையை விட்டுவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள், விட வேண்டாம். முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ வாரத்தில் எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டால், அதற்கேற்ப மாத்திரை அளவை மருத்துவர் அமைத்துவிடுவார். பொட்டாசியம் கிடைக்கும் என்று இளநீரை அள்ளிக் குடிப்பதும் வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் அளவுமீறி ஏறினால் துடிப்பு இன்னும் கெடும். முதலில் ரத்தத்தில் பாருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொரு கேள்வி. துடிப்பு சீராகிவிட்டால் அசிட்ரோமை நிறுத்திவிடலாமா? அல்லது, ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார், அதற்கு மாறலாமா?

மதுரை மருந்தாளுநர் எழுதியது:

இரண்டும் கூடாது. உங்களுக்கு அசிட்ரோம் துடிப்புக்காக மட்டும் கொடுக்கப்படவில்லை. மெக்கானிக்கல் வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுதும் தேவை. புதிய மாத்திரைகளை மெக்கானிக்கல் வால்வுக்குச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானின் ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடுதலாக ஏற்பட்டதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. ரத்தக்கட்டி கூடுதலானதால் அபிக்ஸபான் ஆய்வும் 2022இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் பாதிப்பால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்விலும், 2022இல், புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிட, அசிட்ரோம் போன்ற பழைய வகை மாத்திரையே உயிர்களைக் கூடுதலாகக் காத்தது. விலங்குத் திசுவால் செய்த திசு வால்வு பொருத்தியவர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்குப் புதிய மாத்திரைகள் பொருந்தும். உங்கள் உறவினர் அப்படி யாரையேனும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

குமரிக்கடல் எழுதியது:

தம்பி, துடிப்பு சீராகவே போகாமல் வாழ்பவன் நான். எனக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்தில், அவர்களே உருவாக்கிய சித்ரா வால்வைப் பொருத்தினார்கள். இதய அறுவைச் சிகிச்சையாளர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அந்த வால்வை வடிவமைக்கப் பல மாதிரிகள் செய்து பார்த்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வுக்குப் பணம் கட்ட முடியாத எங்களைப் போன்றோருக்கு உயிர் கிடைத்த கதை அது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

வால்வு இன்றும் நன்றாக இயங்குகிறது. ஆனால் துடிப்பைச் சீராக்கச் செய்த முயற்சிகள் எதுவும் என்னிடம் நிலைக்கவில்லை. மின் அதிர்வு கொடுத்தார்கள். சில மாதங்கள் சீராக இருந்து பழையபடி ஆனது. பிறகு மருத்துவரே, வேகத்தை மட்டும் அடக்கி வைப்போம், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வோம், சீராக்கும் முயற்சியை விடுவோம் என்று முடிவு செய்தார். அந்த நாளில் எனக்கு அது தோல்வியாகத் தோன்றியது. பின்னர், மெட்டோப்ரோலால் அளவு பொருந்தியதும், நடக்கத் தொடங்கினேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடப்பேன். பேச்சு திணறினால் நின்றுவிடுவேன். முதல் சில மாதங்கள் துடிப்பின் ஒவ்வோர் இடறலும் தெரிந்தது; இப்போது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்தான் தெரிகிறது. அப்படித் தெரியும்போது துடிப்பைக் குறை சொல்லாமல் காய்ச்சலையும் நீரிழப்பையும் கவனிக்கிறேன். மதுவைத் தொடுவதில்லை, அது இந்தத் துடிப்பை நேரடியாகக் கிளறிவிடும். குறட்டை விடுபவராக இருந்தால் உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பல் மருத்துவரிடம் போவதற்கு முன் வால்வு இருப்பதைச் சொல்லி, வால்வில் தொற்று வராமல் இருக்க மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொண்டு போங்கள். பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக நீங்களாக அசிட்ரோமை நிறுத்தாதீர்கள்.

நொய்யல் எழுதியது:

குமரிக்கடல் ஐயா, உங்கள் பதிவை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் என்ற கணக்கு அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நாளையிலிருந்து நானும் உடன் நடக்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஹோல்டரில் துடிப்பு நாள் முழுதும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலேயே இருக்கிறது; வேகம் சராசரியாக 92. பையை அடைக்கவில்லை என்று கேட்டறிந்தேன். இடது மேலறை மிகவும் பெரிதாக இல்லாததால் ஒரு முறை மின் அதிர்வு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். அதற்கு முன் ஐ.என்.ஆர். தொடர்ந்து மூன்று வாரமாவது இலக்குக்குள் இருக்க வேண்டும். என்னுடையது சென்ற முறை 2.1 இருந்ததால் அளவைக் கூட்டியிருக்கிறார். சீராகி நிலைத்தால் அமியோடரோனைச் சில மாதங்களில் நிறுத்துவதாகவும், நிலைக்காவிட்டால் குமரிக்கடல் ஐயாவின் வழிதான் என்றும் சொன்னார். என் எல்லை எண் 110 என்று எழுதி வாங்கிக்கொண்டேன். கடிகாரம் இப்போது மேசையில் இருக்கிறது. மின் அதிர்வு நாளில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்ல முடியுமா? நெஞ்சு எலும்பு இன்னும் முழுதாகக் கூடவில்லையே என்றுதான் கலக்கம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் மின் அதிர்வு கொடுக்கும் தேவை வந்தாலும் கொடுப்பதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாள்களிலேயே கொடுத்திருக்கிறோம். வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சிறிது நேரம் உறங்க வைக்கும் மருந்தை ஊசியில் செலுத்திய பிறகே அதிர்வு கொடுப்பார்கள். அது ஒரு கணத்தில் முடிந்துவிடும், உங்களுக்கு நினைவே இருக்காது. பட்டை ஒட்டிய இடத்தில் தோல் ஓரிரு நாள் சிவந்து எரியலாம். ஐ.என்.ஆர். மீது ஐயம் இருந்தால், தொண்டை வழியாகக் குழாயை விட்டு எக்கோ எடுத்து, மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டே தொடங்குவார்கள்.

துடிப்பு சீரான பிறகும் மேலறை ஏறத்தாழ நான்கு வாரங்கள் சோம்பிக் கிடக்கும். கட்டி உருவாகும் ஆபத்து அப்போதுதான் கூடுதல். அந்த நான்கு வாரங்களில் ஒரு வேளை அசிட்ரோம்கூடத் தவறக் கூடாது. அன்று காலை எந்த மாத்திரைகளைச் சிறிது தண்ணீரோடு விழுங்கலாம், எவற்றை விட வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மயக்கம் தெளிந்த பின் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் மகனை உடன் அழைத்துச் செல்லுங்கள், கடைசி ஐ.என்.ஆர். சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலிலேயே கேட்பார்கள்.